ஃப்ளெக்ஸா, ஏசிபியா, எல்இடி லெட்டரா: சின்னக் கடைக்கு எந்த போர்டு போடலாம்?

கடை புடிக்கிறதுக்கு நம்ம ஆளுங்க எவ்வளவு அலையுறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். மெயின் ரோடா இருக்கணும், பஸ் ஸ்டாப் பக்கத்துல இருந்தா நல்லது, ரெண்டு வண்டியாவது நிறுத்த இடம் வேணும், அதுக்காக உள்தெருவுல பாதி வாடகைக்கு கிடைச்ச கடையை விட்டுட்டு அட்வான்ஸ் கூடக் குடுத்து ரோட்டு மேல எடுப்பாங்க. அப்புறம் ரேக், கண்ணாடி, பில்லிங் மெஷின், பெயிண்ட்னு எல்லாம் முடிச்சு, பால் காய்ச்ச நாலு நாள் இருக்கும்போது "அண்ணே, கையில காசு அவ்வளவா இல்ல, ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சு மாட்டி விட்டுடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. கூடுதல் வாடகை குடுக்கிறதே அந்த ரோட்டு முகப்புக்காகத்தான், அந்த முகப்புல நம்ம பேரு தெரியலைன்னா மாசாமாசம் குடுக்கிற அந்தக் காசு வீண்தானே. இதை நான் வர்ற எல்லார்கிட்டயும் சொல்றேன், இங்கயும் முதல்ல அதையே சொல்லிடுறேன்.

நான் திருநெல்வேலில போர்டு வேலை பாக்குறவன். டிசைன், கட்டிங், வெல்டிங், மேல ஏறி மாட்டுறது வரைக்கும் எங்க ஆளுங்கதான். எங்களுக்கு வேலை டவுன், பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம்னு ஓடும், அதனால வெயில், ஆடிக் காத்து, உப்புக் காத்து மூணும் போர்டை என்ன பண்ணும்னு கண்ணால பாத்தவன். ரேட் எல்லாம் எங்க பக்கம் ஏறக்குறைய நடக்கிறது, உங்க ஊர்ல கொஞ்சம் ஏறும் இறங்கும். கணக்கு புரியணும்கிறதுக்காக ஒரே அளவை வச்சுப் பேசுறேன்: ஒத்த ஷட்டர் கடை, போர்டு 10 அடி நீளம் 3 அடி உயரம், ஆக 30 சதுர அடி.

முதல்ல ஃப்ளெக்ஸ். பிரிண்ட் மட்டும்னா சதுர அடி 15, 20 ரூபாய்ல முடிஞ்சிடும், கொஞ்சம் கனமான ஸ்டார் ஃப்ளெக்ஸ்னா அதுக்கு மேல. ஆனா மாட்டுறதுக்கு ஸ்கொயர் பைப் பிரேம் வேணும், வெல்டிங் கூலி, ஃபிட்டிங் எல்லாம் சேர்ந்து 4,000 கிட்ட வந்துடும். சரி மலிவுதான், ஒத்துக்குறேன். பிரச்சனை அடுத்த சித்திரைல ஆரம்பிக்கும். மேற்கு பாத்த கடைன்னா மத்தியானம் 1 மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் வரை வெயில் நேரா அந்த ஷீட்டு மேலதான் விழும், சிவப்பும் மஞ்சளும் முதல்ல வெளுக்கும், நீலமும் கறுப்பும்தான் கடைசி வரை தாக்குப் பிடிக்கும், அதனாலதான் பழைய ஃப்ளெக்ஸ்ல இருக்கிற முகமெல்லாம் ஊதா கலந்த மாதிரி தெரியுது. அப்புறம் ஆடிக் காத்து. தென்காசி, செங்கோட்டை பக்கம் போய்ப் பாருங்க, காத்து பின்னாடி புகுந்து ஷீட்டை உப்ப வச்சு உப்ப வச்சு ஐலெட் (கட்டுறதுக்குப் போடுற உலோக வளையம்) போட்ட ஓட்டையில கிழிக்க ஆரம்பிக்கும், ஒரு மூலை கிழிஞ்சா மத்தது தானா கிழியும். ஆக வருஷத்துக்கு ஒரு தடவை, ரொம்ப நல்லா நிழல்ல இருந்தா ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், ஒவ்வொரு தடவையும் பிரிண்ட், ஏணி ஆள் எல்லாம் சேர்த்து 1,500 ஆகும். அஞ்சு வருஷக் கணக்கு போட்டா, முதல்ல 4,000, அப்புறம் நாலு தடவை மாத்த 6,000, ஆக 10,000 வந்து நிக்குது. இந்த 10,000த்தை மனசுல வச்சுக்கோங்க, கீழ திரும்ப இதுக்கு வருவேன்.

அதுல இன்னொன்னு, ரொம்ப பேரு கிழிஞ்ச உடனே மாத்துறதும் இல்ல. தொங்கிக்கிட்டு மூணு மாசம் கிடக்கும். கடை உள்ள நல்ல சரக்கு இருக்கும், ஆனா வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு கடை மூடப் போறாங்க போலன்னுதான் தோணும். புதுசா அந்தத் தெருவுக்கு குடி வர்றவங்களுக்கு உங்களைப் பத்தி ஒன்னுமே தெரியாது, அவங்க கிட்ட உங்க கடையைப் பத்தி பேசுறது அந்த போர்டு ஒன்னுதான்.

திறப்பு விழா, தீபாவளி ஆஃபர், ஆடித் தள்ளுபடி, இதுக்கெல்லாம் ஃப்ளெக்ஸ்தான் சரி, அதுல மறுபேச்சு இல்ல. கடை பேருக்கு வேண்டாம்னுதான் சொல்றேன்.

இதே ஃப்ளெக்ஸை பெட்டி மாதிரி அடிச்சு உள்ள லைட்டு போட்டா க்ளோ சைன் போர்டு. ராத்திரி நல்லாத்தான் தெரியும், விலையும் 9,000ல இருந்து 12,000க்குள்ள முடியும். ஆனா மழைக் காலத்துல பக்கத்துல போய்ப் பாருங்க, ஈசலும் பூச்சியும் இடுக்கு வழியா உள்ள போய் செத்து பெட்டிக்கு அடியில ஒரு கறுப்புக் கோடு மாதிரி குவிஞ்சு கிடக்கும், அந்த நிழல் வெளிய தெரியும். உள்ள ஒரு லைட்டு போச்சுன்னா அந்த இடம் மட்டும் இருட்டா திட்டுத் திட்டா இருக்கும், பிரிச்சு மாத்தணும்னா ஷீட்டைக் கழட்டி திரும்ப இழுத்து மாட்டணும், பழைய ஷீட்டு அந்த இழுப்புக்கு தாங்காது. வெயில்ல வெளுக்கிற பிரச்சனையும் அப்படியே இருக்கு. இது எனக்கு அவ்வளவா பிடிக்காத வகை.

இப்ப கம்பெனி போர்டு. பெயிண்ட் கம்பெனி, கூல்டிரிங்க்ஸ் கம்பெனி, சிம் கார்டு கம்பெனி, சிமெண்ட் கம்பெனி எல்லாம் டீலர் மூலமா இலவசமா போட்டுத் தருவாங்க. பணமே இல்லாம கடை ஆரம்பிக்கிறவங்களுக்கு இது பெரிய உதவி, குறை சொல்லல. ஆனா ரோட்டுக்கு எதிர்ல நின்னு பாத்தீங்கன்னா முக்கால்வாசி போர்டு அந்தக் கம்பெனி பேரும் கலரும்தான், ஓரத்துல ஒரு வெள்ளைப் பட்டையில உங்க கடை பேரு. பக்கத்துக் கடையிலயும் அதே கலர், அதுக்கடுத்த கடையிலயும் அதே கலர். "அந்த நீல போர்டு கடை"ன்னு அடையாளம் சொன்னா அந்தத் தெருவுலயே நாலு கடை இருக்கும். பெட்டிக்கடை, ரீசார்ஜ் கடைக்கு ஓகே. பேரு எடுத்து வளரணும்னு நினைக்கிற கடைக்கு நம்ம முகப்பை இன்னொருத்தருக்கு வாடகை இல்லாம குடுக்கிறது சரியா படல.

தகர போர்டுல பெயிண்ட்ல எழுதுறது, இதைப் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும்னு ஆசை. ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் மெஷின் 2000க்கு அப்புறம் ஊருக்கு ஊர் வர்ற வரைக்கும் கடை போர்டுன்னாலே ஆர்ட்டிஸ்ட் எழுதுறதுதான், கீழ மூலையில அவங்க பேரையும் சின்னதா போட்டுடுவாங்க. மெஷின் வந்ததும் ரொம்ப பேரு தொழிலை விட்டுட்டாங்க, சிலர் எங்கள மாதிரி பட்டறைல டிசைன் பாக்குறாங்க, சிலர் ஸ்கூல் சுவரு, கோயில் சுவருன்னு எழுதிக்கிட்டிருக்காங்க. நல்ல கை இருக்கிற ஆள் கிடைச்சா இன்னைக்கும் இது சோடை போகாத போர்டு. ஜிஐ ஷீட்டு (துத்தநாகம் பூசின தகரம்), பின்னாடி பிரேம், பிரைமர் ஒரு கோட், அதுக்கு மேல எனாமல், அதுக்கு மேல எழுத்து. எல்லாம் சேர்ந்து 6,000, 7,000ல முடியும். நல்ல எனாமல்னா நாலஞ்சு வருஷம் கலர் நிக்கும், மங்கினா அதே ஷீட்டு மேல திரும்ப எழுதிக்கலாம், குப்பையில போடுற பொருளே கிடையாது. ஃபாண்ட்டை இழுத்து நீட்டி அமுக்கி வைக்கிற வேலை அதுல இல்ல, பத்து அடிக்குள்ள "அம்மன்" எப்படி உக்காரணும், "எண்டர்பிரைசஸ்" எப்படி உக்காரணும்னு ஆர்ட்டிஸ்ட் கண்ணாலயே அளந்து பிரிப்பாங்க. குறை என்னன்னா ராத்திரி தானா தெரியாது, மேல இருந்து ஒரு லைட்டு அடிக்கணும். தூத்துக்குடி, திருச்செந்தூர் மாதிரி கடலோரத்துல ஷீட்டோட வெட்டின ஓரத்துலதான் துரு ஆரம்பிக்கும், அந்த ஓரத்தை மடிச்சு நல்லா பெயிண்ட் குடுக்கச் சொல்லணும்.

இதோட சேர்ந்து ஒன்னு, ஷட்டர் மேலயும் பேரு எழுதிடுங்க. செலவு கொஞ்சம்தான். கடை மூடியிருக்கிற நேரத்துல அந்த வழியா போறவங்களுக்கு அங்க என்ன கடை இருக்குன்னு தெரியும், வாரத்துல ஒரு நாள் லீவு விடுற கடைக்கு இது ரொம்பவே உதவும்.

அடுத்து ஏசிபி. ரெண்டு பக்கமும் மெல்லிசு அலுமினியம், நடுவுல பிளாஸ்டிக், 3 எம்எம் கனம், 8 அடிக்கு 4 அடி ஷீட்டா வரும். துரு பிடிக்காது, துடைச்சா புதுசு மாதிரி ஆயிடும். இதுல மூணு விதமா போடலாம், மேல வினைல் ஸ்டிக்கர் ஒட்டுறது, அக்ரிலிக்ல எழுத்து வெட்டி ஒட்டுறது, உள்ள எல்இடி வச்ச 3டி லெட்டர் போடுறது. ஸ்டிக்கர் வகை 7,000, 8,000ல முடியும். ஷீட்டு நிக்கும், ஆனா ஸ்டிக்கர் வெயில்ல மூணு வருஷத்துல ஓரம் சுருளும், அதுலயும் சிவப்பு வினைல் முதல்ல ரோஸ் ஆயிடும். காசு கம்மின்னா கறுப்பு இல்ல கருநீல ஷீட்டு மேல வெள்ளை வினைல் வெட்டி ஒட்டச் சொல்லுங்க, பிரிண்ட் பண்ணி ஒட்டாதீங்க, வெட்டின வெள்ளையில வெளுக்கிறதுக்கு மை எதுவும் இல்ல.

லைட்டு இல்லாத அக்ரிலிக் எழுத்துதான் என்னோட முதல் சிபாரிசு, பெரும்பாலான கடைக்கு. 30 சதுர அடிக்கு 12,000ல இருந்து 15,000 ஆகும், மேல இருந்து ரெண்டு எல்இடி ஃபோகஸ் லைட்டு அடிச்சா ராத்திரியும் தெரியும். இப்ப அந்த ஃப்ளெக்ஸ் கணக்குக்கு வாங்க. அஞ்சு வருஷத்துக்கு ஃப்ளெக்ஸ் 10,000, இது 15,000. வித்தியாசம் 5,000, அறுபது மாசத்துக்கு வகுத்தா மாசம் 83 ரூபாய். 83 ரூபாய்க்காக அஞ்சு வருஷம் வெளுத்துப் போன கிழிஞ்ச பேரோட உக்காந்திருக்கணுமா? இதை பேப்பர்ல எழுதிக் காட்டினா முக்கால்வாசி பேரு அங்கயே மனசு மாறிடுவாங்க, காசு இல்லாதது இல்ல பிரச்சனை, கடைசி நாலு நாள்ல காசு இல்லாததுதான் பிரச்சனை.

ஆனா ஒட்டுற வேலையில கவனம் வேணும். தமிழ் எழுத்துல முதல்ல விழுறது எதுன்னு நினைக்கிறீங்க, புள்ளிதான். க், ட், ன் மேல இருக்கிற புள்ளி தனித் துண்டு, அளவுல சின்னது, வெறும் டபுள் சைடு டேப்புல ஒட்டினா ரெண்டு கோடையில சூட்டுக்கு டேப் இளகி கீழ விழுந்துடும். உங்க ஊர்ல ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க, "மெடிககல்"னும் "பேககரி"னும் எத்தனை போர்டு இருக்குன்னு. புள்ளியா இருந்தாலும் பின்னாடி ஒரு ஸ்டட் (மரை போட்ட சின்னக் கம்பி) வச்சு ஷீட்டைத் துளைச்சு முடுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா டேப்போட சிலிக்கானும் சேர்த்து வைக்கச் சொல்லுங்க. இன்னொன்னு, இன்ச் கணக்குல எழுத்துக்கு இவ்வளவுன்னு ரேட் சொல்ற இடத்துல "கொ"வை ஒரு எழுத்தா எண்ணுறாங்களா, கொம்பு, க, கால்னு மூணா எண்ணுறாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. அங்கதான் கடைசில பில்லு எகிறும்.

எல்இடி 3டி லெட்டர். பாக்க அழகு, ராத்திரி தூரத்துல இருந்தே பேரு படிக்கலாம், அதுல சந்தேகமே இல்ல. 30 சதுர அடிக்கு 25,000ல இருந்து 35,000 வரைக்கும் போகும். கரண்ட் செலவுக்கு ரொம்ப பேரு பயப்படுறாங்க, அதுக்கு அவசியமே இல்ல. இந்த அளவு போர்டு 100 வாட்டுக்குள்ள அடங்கிடும், சாயங்காலம் 6ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் அஞ்சு மணி நேரம் எரிஞ்சா நாளைக்கு அரை யூனிட், மாசம் 15 யூனிட், கடை கனெக்‌ஷனுக்கு யூனிட் 10 ரூபாய்னே வச்சாலும் 150 ரூபாய். உண்மையான செலவு ரிப்பேர்ல இருக்கு. எழுத்துக்குள்ள ஒட்டுற சின்ன லைட்டுத் துண்டு, அதாவது எல்இடி மாட்யூல், சீக்கிரம் போகாது, முதல்ல போறது எஸ்எம்பிஎஸ், அதாவது 230 வோல்ட்டை 12 வோல்ட்டா மாத்துற அந்த டப்பா. அதை போர்டுக்குப் பின்னாடியே சொருகி வச்சுட்டா வெயில் சூடு, மழைச் சாரல், குளவிக்கூடு எல்லாம் அதுக்குத்தான், போயிடுச்சுன்னா ஏணி போட்டு ஷீட்டைக் கழட்டணும், அதுக்கு ஆள் கிடைக்கிற வரைக்கும் பாதிப் பேரு மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும். வயரை உள்ள இழுத்து எஸ்எம்பிஎஸை கடைக்குள்ள பரண் உயரத்துல வைக்கச் சொல்லுங்க. தரையோட வைக்காதீங்க, 2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடைக்குள்ள தண்ணி ஏறினப்ப கீழ இருந்த எலக்ட்ரிக்கல் சாமான் எல்லாம் போச்சு. போர்டு 80 வாட்னா 80 வாட் எஸ்எம்பிஎஸ் போடக்கூடாது, கொஞ்சம் கூட வச்சு 120 வாட் போடணும், முழு லோடுல ஓடுறது சூடாகி சீக்கிரம் போயிடும். எழுத்து ஒவ்வொன்னுக்கும் அடியில சின்ன ஓட்டை போட்டிருக்காங்களான்னும் பாருங்க, மழைத் தண்ணி எப்படியும் உள்ள போகும், வெளிய வர வழி வேணும்.

எல்லாம் சேர்த்து அஞ்சு வருஷத்துக்கு எல்இடி எவ்வளவு? போர்டு 30,000, கரண்ட் 9,000, ரிப்பேருக்கு ஒரு 4,000 வச்சுக்கோங்க, 43,000. மாசத்துக்கு 700 சொச்சம். ராத்திரி வியாபாரம் இருக்கிற கடைக்கு இது பெரிய காசு இல்ல. ராத்திரி டிபன் கடை, பரோட்டா கடை, மெடிக்கல், கிளினிக், லாட்ஜ், பேக்கரி, இவங்களுக்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம், போட்டுடுங்க. அர்த்த ராத்திரில காய்ச்சல் புள்ளையைத் தூக்கிக்கிட்டு வர்றவங்களுக்கு எங்க மெடிக்கல் திறந்திருக்குன்னு அந்த வெளிச்சத்தை வச்சுத்தான் தெரியும். ஆனா சாயங்காலம் 6 மணிக்கு மூடுற ஜெராக்ஸ் கடை, கோர்ட் பக்கத்து டைப்பிங் சென்டர், அரிசி மண்டி, இவங்க ஏன் எல்இடிக்கு 30,000 போடணும்? அங்க வந்து எல்இடி போடச் சொல்லி அழுத்துற ஆளை நம்பாதீங்க.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எழுத்தும் இருக்கு. நகைக்கடை, ஆஸ்பத்திரி, ஆபீஸ்ல பாத்திருப்பீங்க. சொந்தக் கட்டடம், கையில காசு இருக்குன்னா தாராளமா போடலாம், ஆனா 202 கிரேடா 304ஆன்னு கேளுங்க, 202 கடலோரத்துல பழுப்பு புள்ளி வச்சுடும், ரொம்ப கடல் பக்கம்னா 304கூட அடிக்கடி துடைச்சாத்தான் நிக்கும். சின்னக் கடைக்கு இது தேவையில்லாத செலவுங்கிறது என் எண்ணம்.

மெட்டீரியலை விட பெரிய விஷயம் ஒன்னு இருக்கு, போர்டு எந்தப் பக்கம் பாத்து இருக்குங்கிறது. நெல்லையப்பர் கோயில் ரத வீதில நடந்து போறவர் கடைக்கு நேரா நின்னு பாக்குறது இல்ல, கடை வரிசையோட சேர்ந்து நடக்குறாரு, அவர் கண்ணுக்கு உங்க 10 அடி போர்டு ஒரு கோடா தெரியும், அவ்வளவுதான். அங்க 2 அடிக்கு 2 அடி சின்ன சைடு போர்டு, ரெண்டு பக்கமும் எழுதினது, சுவத்துல இருந்து வெளிய நீட்டி வச்சா பெரிய போர்டை விட அதுதான் ஆளைக் கூட்டிட்டு வரும். எவ்வளவு நீட்டலாம், எவ்வளவு உயரம்னு மாநகராட்சி, நகராட்சி ஆபீஸ்ல கேட்டுட்டு வைங்க, ரோட்டை அடைச்சு வச்சா ஆக்கிரமிப்பு எடுக்கும்போது முதல்ல அதைத்தான் எடுப்பாங்க. பைபாஸ் பக்கம்னா கதையே வேற, வண்டில வர்றவங்களுக்கு தூரத்துல இருந்தே படிக்கணும். பொதுவா 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் எழுத்துன்னு கணக்கு வைப்போம், 100 அடி தள்ளி இருந்து நல்லாப் படிக்க 10 இன்ச் எழுத்து வேணும். தமிழ்ல மேல சுழி, கீழ வால், புள்ளின்னு இருக்கிறதால அதே இடத்துல எழுத்தோட உடம்பு சின்னதாயிடும், அதனால இன்னும் ரெண்டு இன்ச் கூட வச்சுக்கோங்க.

அப்படின்னா போர்டுல கண்டதையும் எழுத இடம் இருக்காது, அது நல்லதுதான். கடை பேரு, என்ன கடை, இந்த ரெண்டும் போதும். "ஸ்ரீ முருகன்"னு பெருசா போட்டுட்டு "ஹார்டுவேர்ஸ்"ங்கிறதை கீழ பொடியா போடுறாங்க, புதுசா வர்றவருக்கு வேண்டியது அந்த ஹார்டுவேர்ஸ்தான். போன் நம்பர் மூணு, சாமி படம் ரெண்டு, விக்கிற சாமான் இருபது, ஓனர் போட்டோ, இதெல்லாம் போர்டுல ஏத்தினா எதுவுமே தெரியாது.

சட்டத்துலயும் நாலு விஷயம் இருக்கு, போர்டு ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடியே பாத்துக்கணும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948ன்படி பேரு தமிழ்ல இருக்கணும், வேற மொழி வச்சா தமிழுக்குக் கீழதான் வரணும், அளவு தமிழ், இங்கிலீஷ், வேற மொழின்னு 5:3:2. நம்ம 3 அடி போர்டுல இது சுலபமா அடங்கும், தமிழ் 15 இன்ச், இங்கிலீஷ் 9 இன்ச், மீதி 12 இன்ச் இடைவெளி. இங்கிலீஷ்ல லோகோவோட பெருசா எல்இடி போட்டுட்டு, தொழிலாளர் துறை ஆளுங்க வந்து கேட்ட பிறகு ஓரத்துல தமிழ் ஸ்டிக்கர் ஒட்டுறவங்களைப் பாத்திருக்கேன், அது விதிப்படியும் பத்தாது, பாக்கவும் நல்லா இருக்காது. ஜிஎஸ்டி எடுத்திருந்தா சிஜிஎஸ்டி விதி 18ன்படி வாசல் போர்டுல அந்த நம்பரும் இருக்கணும், சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் ஸ்கீம்ல இருந்தா அதையும் எழுதணும். இதுக்கு கீழ் ஓரத்துல ஒரு சின்ன வரி போதும், டிசைன்லயே இடம் விட்டுடுங்க. கூகுள் மேப்ஸ்ல கடையை ஏத்துறதுக்கும் நிரந்தரமா மாட்டின போர்டு வேணும்னு அவங்க வழிமுறையிலயே இருக்கு, வீடியோ வெரிஃபிகேஷன் கேட்டா ரோடு, கடை, போர்டு எல்லாம் அதுல தெரியணும், பதிவு பண்ற பேரும் போர்டுல இருக்கிற பேரும் ஒன்னா இருக்கணும். பேங்க்ல லோனுக்கு பாக்க வர்றவங்களும் முதல்ல போர்டோடதான் ஒரு போட்டோ எடுக்குறாங்க.

"இப்ப எல்லாரும் ரீல்ஸ் பாத்துதான் வர்றாங்க, போர்டு எதுக்கு"ன்னு பசங்க கேக்குறாங்க. ரீல்ஸ் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா பூஸ்ட் பண்ற காசு அந்த வாரத்தோட முடியும், பேப்பர்ல வச்சுக் குடுக்கிற நோட்டீஸ் அன்னைக்கு மத்தியானத்தோட முடியும். அதைப் பாத்து வர்றவரும் தெருவுக்குள்ள வந்து போர்டைத் தேடிட்டுத்தான் கடைக்குள்ள வரணும். இன்னும் சிலர் எங்க ஊர் இருட்டுக்கடையைச் சொல்லுவாங்க, பெரிய போர்டு இல்லாமலே அல்வாவுக்கு வரிசையில நிக்கிறாங்களேன்னு. பல தலைமுறையா ஒரே இடத்துல ஒரே ருசியில ஓடுற கடை அது, அந்த மங்கின வெளிச்சமே பேராயிடுச்சு, சாயங்காலம் அங்க நிக்கிற கூட்டம்தான் அதுக்கு போர்டு. போன மாசம் ஆரம்பிச்ச கடைக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

வாடகைக் கடைக்காரங்களோட பயம் நியாயமானது. 11 மாச அக்ரிமெண்ட்டுதான், ஓனர் எப்ப காலி பண்ணச் சொல்லுவாரோ, அங்க எதுக்கு 30,000 போடணும்னு யோசிக்கிறாங்க. அதுக்குத்தான் சொல்றேன், எழுத்தை ஷீட்டுல ஒட்டாம ஸ்டட் வச்சு முடுக்கினா கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம், புதுக் கடையில பின்னாடி ஷீட்டு மட்டும் அந்த அளவுக்கு மாத்திக்கலாம், ஷீட்டு செலவு மொத்தத்துல சின்னதுதான். போர்டு நம்மளது, காலி பண்ணும்போது எடுத்துக்குவோம்னு அக்ரிமெண்ட்ல ஒரு வரி எழுதிடுங்க. கட்டட முகப்பு முழுக்க ஏசிபி அடிக்கிற வேலை மட்டும் வாடகைக் கட்டடத்துல வேண்டாம், அது ஓனருக்கு நீங்க கட்டிக் குடுக்கிற மாதிரி ஆயிடும். அந்த ஷீட்டுக்குள்ள இருக்கிறது பிளாஸ்டிக், தீப்பிடிச்சா எரியும், மேல வீடு இருக்கிற கட்டடத்தை முழுசா அதுல மூடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும்.

எது போட்டாலும் பிடிமானம் முக்கியம், இதுல மட்டும் பேரம் பேசாதீங்க. 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில ரோட்டு நடுவுல கட்டின பேனர் விழுந்து வண்டில போன ஒரு பொண்ணு உயிர் போச்சு. 2023 ஜூன்ல கோயம்புத்தூர் பக்கம் கருமத்தம்பட்டியில ஹோர்டிங் சரிஞ்சு அதுல வேலை பாத்துக்கிட்டிருந்த மூணு பேரு செத்தாங்க, அவங்க எங்க தொழில் ஆளுங்க. கடை போர்டு அவ்வளவு பெருசு இல்லதான், ஆனா 30 சதுர அடி ஷீட்டு மேல காத்து தள்ளுற தள்ளு லேசானது கிடையாது, கீழ நடைபாதையில புள்ளைங்க நிக்கும். சன்ஷேடு ஓரத்துல பூச்சுல ஆணி அடிச்சு கம்பி கட்டி விடுற வேலையை ஒத்துக்காதீங்க. கான்கிரீட்லயோ செங்கல்லயோ நல்லா இறங்கின ஆங்கர் போல்ட்டு, குறைஞ்சது ஆறு இடத்துல. ஈபி லைன் பக்கத்துல போகுதுன்னா ஏணி வைக்கிறதுக்கு முன்னாடி ஈபி ஆபீஸ்ல சொல்லி லைனை ஆஃப் பண்ணிட்டு வேலை பாக்கச் சொல்லுங்க, ஒரு நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்ல.

கொட்டேஷன் வாங்கும்போது மொத்தமா இவ்வளவுன்னு எழுதினதை வாங்காதீங்க. ஷீட்டு என்ன கனம், அக்ரிலிக் எத்தனை எம்எம், மாட்யூல், எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி எத்தனை வருஷ வாரண்டி, வாரண்டில ஏணி ஆள் கூலி சேருமா, ஜிஎஸ்டி உள்ளயா வெளியவா, எல்லாம் தனித்தனியா எழுதி வாங்குங்க. வெளியூர்ல ஆன்லைன்ல மலிவா பண்ணித் தர்றாங்கன்னு பார்சல்ல வரவழைக்கிறவங்க இருக்காங்க, எழுத்து நல்லாத்தான் இருக்கும், ஆறு மாசம் கழிச்சு "ம" மட்டும் எரியலைன்னா யார் வருவா? உள்ளூர்ல போட்டா ஒரு போன் பண்ணினா ஆள் வரும், அந்த வசதிக்கு ரெண்டாயிரம் கூடக் குடுக்கலாம்.

கையில இப்போதைக்கு காசே இல்ல, திறப்பு விழா அடுத்த வாரம்னா ஒரு வழி இருக்கு. ஃப்ளெக்ஸே போடுங்க, ஆனா பிரேமை மட்டும் ஏசிபிக்கு அடிக்கிற மாதிரி, குறுக்குக் கம்பி ரெண்டு அடிக்கு ஒன்னு வச்சு, நல்ல ஆங்கர் போட்டு மாட்டச் சொல்லுங்க. 1,500 கூட ஆகும். அடுத்த வருஷம் வியாபாரம் கொஞ்சம் பிடிச்ச உடனே அந்த ஃப்ளெக்ஸை உரிச்சுட்டு அதே பிரேம் மேல ஷீட்டும் எழுத்தும் போட்டுடலாம், வெல்டிங், ஃபிட்டிங் செலவு திரும்ப வராது. பைப் 1 இன்ச்சுக்கு குறையாம பாத்துக்கோங்க, துரு பிடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் அடிச்சு காஞ்ச பிறகு மேல தூக்கச் சொல்லுங்க.